முட்டை வடிவமா, நீள்வட்டமா? மரப்பலகை எழுதும் நண்பருக்கு ஒரு பதில்

கேள்வி பெங்களூரு வைட்ஃபீல்டு பக்கத்து அடுக்ககம் ஒன்றிலிருந்து வந்திருக்கிறது. குடியிருப்போர் சங்கம் வளாகத்து மரங்களுக்குக் கன்னடம், தமிழ், ஆங்கிலம் என மும்மொழிப் பலகை வைக்கிறது. கன்னட வாசகம் எழுதிக்கொடுத்தவர் பல இலைகளின் வடிவத்தை ‘அண்டாகார’ என்று குறித்திருக்கிறார். தமிழ்ப் பகுதியை ஏற்றுக்கொண்ட நண்பர் கேட்கிறார்: ஆங்கிலக் குறிப்பில் வரும் ‘ஓவல்’, ‘ஓவேட்’ இரண்டுக்கும் முட்டை வடிவம் என்றே போட்டுவிடலாமா? நீள்வட்டம் என்பது வேறா? கன்னடத்தோடு ஒத்துப்போக ‘அண்ட வடிவம்’ என்று எழுதினால் என்ன?

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். அண்ட வடிவம் வேண்டாம். வடமொழியில் அண்டம் என்றால் முட்டைதான், ஐயமில்லை. கன்னடத்திலும் இந்தியிலும் அண்டாகாரம் என்பது அன்றாடப் புழக்கத்தில் இருக்கிற சொல், படிக்கிறவருக்கு உடனே பொருள் புரியும். தமிழில் அந்தச் சொல் வேறு வழியில் போய்விட்டது. அண்டம் என்றதும் நமக்குப் பிரபஞ்சம் நினைவுக்கு வருகிறது. திருவாசகத்துத் திருவண்டப்பகுதி ‘அண்டப் பகுதியின் உண்டைப் பிறக்கம்’ என்றுதான் தொடங்குகிறது; அங்கே அண்டம் என்பது வானில் திரளும் உருண்டைகளின் பெருக்கம். சித்த மருத்துவம் படித்த பெரியவர் யாராவது உங்கள் வளாகத்தில் இருந்தால் அவருக்கு அண்டவாயு நினைவுக்கு வரும். அது உடம்பின் எந்தப் பகுதி நோய் என்பதை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ‘அண்டாகாரம்’ என்று முழுதாகவே எழுதினாலோ, பிள்ளைகள் கல்யாண வீட்டு அண்டாவைத்தான் நினைப்பார்கள். பக்கத்து மொழியோடு ஒத்துப்போவது நல்ல எண்ணம்தான். ஆனால் பலகையில் மூன்று மொழியும் ஒரே ஓசையோடு இருக்க வேண்டிய தேவையில்லை, ஒரே இலையைச் சொன்னால் போதும்.

இனி முட்டை வடிவம், நீள்வட்டம் இரண்டையும் பார்ப்போம். இரண்டும் வேறு வேறு. வேறுபாடு மிக எளிது, ஆனால் பாடநூல்களிலும் நாளிதழ்களிலும் தினமும் குழப்பிக்கொள்ளப்படுவது. கோழிமுட்டை ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு முனை அகன்றது, மறுமுனை ஒடுங்கியது. நெட்டுவாக்கில் வெட்டினால் இரண்டு பாதியும் ஒத்திருக்கும். குறுக்குவாக்கில் வெட்டினால் ஒத்திராது. நீள்வட்டத்தை எப்படி மடித்தாலும், நீளவாட்டிலோ குறுக்குவாட்டிலோ, பாதியோடு பாதி பொருந்தும். முட்டைக்குத் தலையும் காலும் உண்டு, நீள்வட்டத்துக்கு இல்லை. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும். ஆங்கில ‘ஓவல்’ இரண்டையும் மழுப்பலாகச் சொல்லும் சொல். அதனால்தான் மொழிபெயர்க்கும்போது தடுமாற்றம். ‘எலிப்ஸ்’ என்றால் கணக்கில் ஒரே பொருள், அதுதான் நீள்வட்டம். நம் பள்ளிக் கணித நூல்களில் பரவளையம், அதிபரவளையம் இவற்றோடு வரிசையாக வருவது இதுவே. இலங்கை நூல்களில் இதையே நீள்வளையம் என்று பார்க்கலாம்.

தமிழ் இந்த வேறுபாட்டை ஏன் இவ்வளவு அலட்சியமாக விட்டது என்று கேட்டால், முட்டை என்ற சொல்லே காரணம் என்பேன். தமிழ்க் காதுக்கு முட்டை என்றால் நீண்டது என்பதைவிட உருண்டது, திரண்டது என்பதே முதலில் படும். ரஸல் மார்க்கெட்டில் போய் நின்று பாருங்கள். கன்னடத்தில் எலெகோசு, அதாவது இலைக்கோசு. அதே காயை அடுத்த வாடிக்கையாளர் தமிழில் முட்டைக்கோஸ் என்று கேட்டு வாங்குகிறார். அந்தக் காயில் முட்டை வடிவம் எங்கே இருக்கிறது? பந்து போல உருண்டையாக இருக்கிறது. கன்னடக்காரர் அதன் இலையைப் பார்த்தார், நாம் அதன் திரட்சியைப் பார்த்தோம். முட்டைக்கண் என்று நாம் சொல்வதும் பிதுங்கிய கண்ணைத்தான், நீண்ட கண்ணை அல்ல. கணக்குப் பரீட்சையில் வாங்கும் முட்டையும் வட்டமான சுழியம்தான்.

இது இன்று நேற்று வந்த பழக்கமல்ல. அகநானூற்றின் 160-ஆவது பாடலில் கடலாமை மணலில் புதைத்த முட்டை வருகிறது: ‘கோட்டுவட்டு உருவின் புலவுநாறு முட்டை’. தந்தத்தில் கடைந்த வட்டைப் போன்ற, புலால் நாறும் முட்டை என்று பொருள். கடலாமை முட்டையை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது கோழிமுட்டை போல ஒருபக்கம் ஒடுங்கியிருக்காது. மேசைப்பந்து போல உருண்டையாக இருக்கும். புலவர் கண்டதைச் சரியாகவே எழுதியிருக்கிறார். முட்டை என்றாலே ஒரே வடிவம் என்று நாம் நினைப்பது கோழி வளர்த்ததன் விளைவு.

முட்டைகளின் வடிவம் எத்தனை விதம் என்பதை 2017-இல் ‘சயின்ஸ்’ ஆய்விதழில் வந்த ஒரு கட்டுரை விரிவாக அளந்து காட்டியது. சுமார் 1,400 பறவை இனங்களின் ஏறத்தாழ 50,000 முட்டைகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு நீண்டது, எவ்வளவு ஒருபக்கம் ஒடுங்கியது என்ற இரண்டு அளவுகளால் அவற்றை வகைப்படுத்தினார்கள். மேரி காஸ்வெல் ஸ்டாடர்ட் தலைமையில் நடந்த அந்த ஆய்வில் பங்கெடுத்தவர்களில் ஒருவர், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து ஹார்வர்டில் பேராசிரியராக இருக்கும் லட்சுமிநாராயணன் மகாதேவன். ஆந்தையின் முட்டை கிட்டத்தட்ட உருண்டை. உள்ளான் வகைப் பறவைகளின் முட்டை ஒருமுனை கூராக ஒடுங்கியது. நன்றாகப் பறக்கும் பறவைகளுக்கு நீண்ட, ஒடுங்கிய முட்டைகள் அமையும் போக்கு இருப்பதாக அந்த ஆய்வு சொன்னது. நமக்கு வேண்டியது அந்த இரண்டு அளவுகள்தான்: நீளல் வேறு, ஒடுங்கல் வேறு. நீண்டு மட்டும் இருந்தால் அது நீள்வட்டம். ஒருபக்கம் ஒடுங்கியும் இருந்தால்தான் முட்டை வடிவம்.

இந்த வேறுபாட்டில் இடறியவர்கள் சாதாரண ஆட்களல்ல. ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1525-இல் அளவியல் பற்றி எழுதிய நூலில், கூம்பைச் சாய்வாக வெட்டினால் கிடைக்கும் வளைவை முட்டைக்கோடு என்றே அழைத்து, கீழ்ப்பக்கம் அகன்றதாக வரைந்தும் வைத்தார். கூம்பு கீழே அகலமாகத்தானே இருக்கிறது, அதனால் வெட்டும் அங்கே அகன்றுதான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் யாருக்கும் வரும். உண்மையில் அங்கே கிடைப்பது இருபுறமும் ஒத்த நீள்வட்டம். வானியலாளர் கெப்ளர் செவ்வாயின் பாதையைக் கணக்கிட்டபோது, வட்டம் பொருந்தாது என்று கண்டதும் அடுத்து முயன்றது முட்டை வடிவப் பாதையைத்தான். அதோடு நெடுநாள் மல்லுக்கட்டிய பிறகே நீள்வட்டத்துக்கு வந்தார். 1609-இல் அதை வெளியிட்டார். ஆகவே ‘கோள்கள் முட்டை வடிவப் பாதையில் சுற்றுகின்றன’ என்று இன்றும் எழுதுகிறவர்கள், கெப்ளர் கைவிட்ட கருத்தைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். நீள்வட்டப் பாதை என்பதே சரி. அதிலும் பூமியின் பாதை மிகச் சிறிதளவே நீண்டது. சூரியனுக்கு மிக அருகில் 14.71 கோடி கிலோமீட்டர், மிகத் தொலைவில் 15.21 கோடி கிலோமீட்டர். தாளில் அளவு மாறாமல் வரைந்தால் வட்டத்துக்கும் அதற்கும் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. சூரியன் மட்டும் நடுவிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கும். பாடநூல் படங்களில் இருக்கிற நீண்டு நசுங்கிய பாதை, மாணவருக்குப் புரிய வேண்டும் என்று மிகைப்படுத்தி வரைந்தது.

பூமியின் உருவத்தையும் முட்டை என்று எழுதுகிறார்கள். அது இன்னும் மோசம். பூமத்திய ரேகையில் பூமியின் விட்டம் 12,756 கிலோமீட்டர், துருவத்திலிருந்து துருவத்துக்கு 12,714 கிலோமீட்டர். அதாவது மேலும் கீழும் சற்று அமுங்கிய உருண்டை. முட்டை அச்சு வாக்கில் நீண்டது, பூமி அச்சு வாக்கில் குறுகியது, நேர் எதிர். 18-ஆம் நூற்றாண்டில் இதற்காகவே ஒரு பெரிய வழக்கு நடந்தது. பூமி துருவவாக்கில் நீண்டது என்று பிரான்சில் வானியலாளர் ஜாக் கசினி நிலைநிறுத்தப் பார்த்தார். அமுங்கியது என்று நியூட்டன் வாதிட்டிருந்தார். பிரெஞ்சு அறிஞர்கள் ஐரோப்பாவின் வடகோடியில் உள்ள லாப்லாந்துக்கும் தென்னமெரிக்காவுக்கும் போய் அளந்து நியூட்டன் பக்கம் தீர்ப்பளித்தார்கள். எவ்வளவு அமுங்கியது என்ற மீதிக் கணக்கில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. 1802-இல் சென்னைப் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு, அதாவது மற்ற அளவுகளுக்கெல்லாம் ஆதாரமான நேர்கோடு, அளந்து நில அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்டன், 1804-இல் பெங்களூருக்கு அருகே இன்னோர் அடிக்கோடு அளந்து அதைச் சரிபார்த்தார். நிலப்படம் வரைவது ஒருபக்கம். பூமியின் வளைவை அளப்பதே அவருடைய பெரிய ஆசை. அந்த ஊரில் இருந்துகொண்டு பூமி முட்டை வடிவம் என்று எழுதலாமா?

வேறு சில இடங்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ஓட்டப்பந்தயத் தடத்தை முட்டை வடிவம் என்பதும் தவறு, நீள்வட்டம் என்பதும் தவறு. கண்டீரவா போன்ற அரங்குகளில் உள்ள 400 மீட்டர் தடம், இரண்டு நேர்கோடுகளும் இரண்டு அரைவட்டங்களும் சேர்ந்தது. சர்வதேசத் தடகள விதிப்படி நேர்கோடு 84.39 மீட்டர், வளைவின் ஆரம் 36.5 மீட்டர். அதை நீள்சுற்றுத் தடம் என்றால் போதும். லண்டனின் ஓவல் கிரிக்கெட் மைதானத்தை ஓவல் என்றே எழுதுங்கள், அது ஊர்ப்பெயர் மாதிரி. அழகுக்குறிப்பில் வரும் ‘ஓவல் முகம்’ மட்டும் உண்மையிலேயே முட்டை வடிவம், ஏனென்றால் நெற்றி அகன்று முகவாய் ஒடுங்கியது. ஆனால் முட்டை முகம் என்று எழுதினால் யாருக்குப் பிடிக்கும்? நீள்வட்ட முகம் என்று தமிழ் இதழ்கள் எழுதுவதைத் துல்லியக் குறைவு என்று நான் சொல்வேனே தவிர, திருத்தமாட்டேன். பழைய நகரங்களின் செங்கல் சாக்கடைக் குழாய்களை முட்டை வடிவம் என்று சொல்லியே ஆக வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் லண்டனில் கட்டியவை ஒடுங்கிய முனை கீழே வருமாறு அமைந்தவை. நீர் குறைவாக ஓடும்போதும் அந்த ஒடுக்கத்தில் ஆழமாகவும் வேகமாகவும் ஓடி, அடியில் கசடு தங்காமல் அடித்துச் செல்லும். நீள்வட்டம் என்று மொழிபெயர்த்தால் அந்தப் பொறியாளர்களின் சூட்சுமமே போய்விடும்.

இப்போது உங்கள் மரங்களுக்கு வருவோம். தாவரவியலில் இந்தச் சொற்களுக்குக் கறாரான பொருள் இருக்கிறது. இலையை நீளவாக்கில் ஐந்து சம பங்காக மனத்தில் பிரித்துக்கொள்ளுங்கள். மிக அகலமான இடம் காம்புப் பக்கத்து இரண்டு பங்கில் விழுந்தால் அது ‘ஓவேட்’, அதாவது முட்டை வடிவம். நடுப்பங்கில் விழுந்தால் நீள்வட்டம். நுனிப்பக்கத்து இரண்டு பங்கில் விழுந்தால் ‘ஓபோவேட்’. அந்த முன்னொட்டுக்குத் திருப்பிப் போட்டது என்று பொருள். தமிழ்த் தாவரவியல் நூல்களில் தலைகீழ் முட்டை வடிவம் என்று எழுதுவார்கள். சொல் நீளம்தான், ஆனால் பொருள் தப்பாது. விளிம்புகள் நெடுந்தூரம் இணையாகவே ஓடினால் அது நீள்சதுர வகை, இந்தக் கணக்கில் சேராது. அளவுகோல் எதுவும் வேண்டாம். இலை நுனியைக் காம்படியோடு சேர்த்துக் குறுக்கே மடியுங்கள். இரண்டு பாதியும் பொருந்தினால் நீள்வட்டம். காம்புப் பக்கத்துப் பாதி வெளியே துருத்தினால் முட்டை. நுனிப்பாதி துருத்தினால் தலைகீழ் முட்டை.

ஒரே மரத்தில் எல்லா இலையும் ஒன்றுபோல் இருக்காது என்பதையும் கணக்கில் வையுங்கள். தளிரையும் வெட்டிய கிளையில் புதிதாய்த் துளிர்த்த இலையையும் விட்டுவிட்டு, முற்றிய கிளையின் நடுவிலிருந்து சில இலைகளை மடித்துப் பார்த்து எது மிகுதியோ அதை எழுதுங்கள்.

பெங்களூரு வளாகங்களில் வழக்கமாக இருக்கும் மரங்களை வைத்துச் சொல்கிறேன். புங்கை, கன்னடத்தில் ஹொங்கே: இது ஒரே காம்பில் பல சிற்றிலைகள் சேர்ந்த கூட்டிலை, ஆகவே வடிவம் சொல்ல வேண்டியது சிற்றிலைக்கு. காம்படியில் அகன்று நுனியில் கூர்ந்து வருவதால் முட்டை வடிவம். செம்பருத்தியும் அப்படியே, விளிம்பில் பற்களோடு. நாட்டுவாதுமை, பிள்ளைகள் பாதாம் மரம் என்று சொல்வது, தலைகீழ் முட்டை வடிவத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு காட்டக்கூடிய உதாரணம்: நுனியில் கையகலம், காம்பருகே ஒடுங்கும். ஈழத்தலரியில் நுனி மழுங்கிய வெள்ளைப்பூ வகை இருந்தால் அதுவும் இதே வகை. நுனி கூர்ந்த வகை என்றால் மடித்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். மகிழமரம் பெரும்பாலும் நீள்வட்டம், விளிம்பு சற்று அலை அலையாக இருக்கும். பலாவுக்கு நீள்வட்டமும் தலைகீழ் முட்டையும் ஒரே கிளையில் கிடைக்கும். இரண்டையும் எழுதுவதில் வெட்கமில்லை. ஆலுக்கும் முட்டை, நீள்வட்டம் இரண்டும் பொருந்தும். அரசுக்கு இந்த வம்பே வேண்டாம். அரசிலை என்றாலே தமிழருக்கு வடிவம் தெரியும், குழந்தையின் அரைஞாணில் கோத்ததுகூட அரசிலைதான். பலகையில் ‘இதய வடிவம், நீண்ட வால்நுனி’ என்று எழுதினால் போதும்.

காய், பழம், விதை என்று வரும்போது இன்னொரு நுணுக்கம். இலை தட்டையானது, காய் திண்மம். வட்டம், உருண்டை என்று தமிழ் தட்டையையும் திண்மத்தையும் பிரித்துச் சொல்லும். அந்தப் பழக்கத்தை இங்கேயும் காப்பாற்றலாம். இலைக்கு முட்டை வடிவம், காய்க்கு முட்டையுரு. நீள்வட்டத்துக்கு நேரான திண்மத்தை நீளுருண்டை என்று சொன்னால் வீட்டுப் பாட்டிக்கும் புரியும். ‘நீள்வட்டமான பழம்’ என்று எழுதினால் அது பப்படம் போலத் தட்டையாக இருக்கிறதோ என்று தோன்றும். கத்தரிக்காய்க்கு ஆங்கிலத்தில் முட்டைச்செடி என்று பெயர் வந்தது, வெள்ளையாக முட்டையளவில் காய்க்கும் வகையைப் பார்த்துத்தான். அந்த வெள்ளைக் கத்தரி யாராவது மாடித்தோட்டத்தில் வைத்திருந்தால், அதற்கு முட்டையுரு என்று தயங்காமல் எழுதுங்கள்.

பிள்ளைகளுக்கு வேறுபாட்டைக் காட்ட விரும்பினால் ஒரு பலகை, இரண்டு குண்டூசி, நூல், பென்சில் போதும். நூலின் இரு முனைகளையும் இரண்டு ஊசிகளில் கட்டி, நூலை இறுக்கிப் பிடித்தபடி பென்சிலைச் சுற்றினால் நீள்வட்டம் வரும். இது பலருக்கும் தெரிந்தது. நூலின் ஒரு முனையைப் பென்சிலிலேயே கட்டி, ஓர் ஊசியைச் சுற்றித் திரும்பப் பென்சிலையும் சுற்றி, மறுமுனையை மற்ற ஊசியில் முடிந்து வரைந்து பாருங்கள். ஓர் ஊசிக்கான தொலைவு இரட்டிப்பாகக் கணக்கில் வருவதால் ஒருபக்கம் ஒடுங்கிய முட்டை வளைவு கிடைக்கும். மின்காந்தவியலில் பின்னாளில் பெரும்பெயர் பெற்ற ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் இந்த நூல்வித்தையைப் பற்றி எழுதிய கட்டுரை 1846-இல் எடின்பரோவின் ராயல் சொசைட்டியில் படிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 14; சிறுவன் என்பதால் பேராசிரியர் ஒருவர் அவருக்காகப் படித்தார். இதே வகை வளைவுகளை பிரெஞ்சு அறிஞர் டெகார்ட் 1637-இலேயே ஆராய்ந்திருந்தார், ஆனால் ஊசியும் நூலும் கொண்டு இவ்வளவு எளிதாக அல்ல.

எழுத்துப்பிழை வராதிருக்க ஒரு வார்த்தை. முட்டை வடிவம் என்பதில் ஒற்று மிகாது, ‘முட்டைவ் வடிவம்’ என்று யாரும் எழுதப்போவதில்லை. ஆனால் பின்னால் வல்லினம் வந்தால் மிகும்: முட்டை வடிவச் சிற்றிலை, முட்டை வடிவக் காய், நீள்வட்டப் பாதை. முட்டை வடிவ இலை என்பதில் ஒன்றும் சேராது. நீள்வட்டம் வினைத்தொகை, அதனால் ஒரே சொல்லாகச் சேர்த்தே எழுதுங்கள். ‘நீள் வட்டம்’ என்று பிரித்தால் பலகை எழுதுகிற பெயிண்டர் இரண்டு வரியில் போட்டுவிடுவார்.

கன்னட வாசகத்தைத் திருத்தச் சொல்ல வேண்டியதில்லை. நீள்வட்டத்துக்குக் கன்னடக் கணித நூல்களில் தீர்க்கவிருத்த என்ற தனிச்சொல் இருக்கிறது என்பதால், மகிழமரப் பலகையில் மட்டும் அதைப் போடலாமா என்று அந்த நண்பரைக் கேட்டுப் பாருங்கள். அவர் அண்டாகாரவே இருக்கட்டும் என்றால் விட்டுவிடுங்கள். பூங்காவில் நடப்பவருக்கு அது போதும். தமிழ்ப் பகுதியில் புங்கைக்கு ‘சிற்றிலை முட்டை வடிவம், நுனி கூர்’ என்றும், நாட்டுவாதுமைக்கு ‘இலை தலைகீழ் முட்டை வடிவம், காம்புப் பக்கம் ஒடுங்கியது’ என்றும், மகிழுக்கு ‘இலை நீள்வட்டம், விளிம்பு அலை’ என்றும் எழுதி அனுப்பிவிடுங்கள்.